தம்பி மாட்டிக் கொடுத்த அகலச் சக்கரங்கள்

என் காரின் சக்கரங்களை அகலப்படுத்திக் கொடுத்தவன் என் கூடப்பிறந்த தம்பி. பரிசு என்று சொல்லித்தான் கொடுத்தான். நானும் அப்படியே நம்பி ஏழு மாதம் அந்தச் சக்கரங்களில் ஓடினேன்.

நான் கால்நடை மருத்துவர். உத்தமபாளையத்தில் குடியிருக்கிறேன், தேவாரம் பக்கத்து மருந்தகத்தில் வேலை. கோம்பையிலிருந்து பொட்டிப்புரம் வரை மலையடிவாரத்து ஊர்களில் மாடு ஈன முடியாமல் தவித்தாலும், ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் எனக்குத்தான் போன் வரும். ஸ்கூட்டரில் மருந்துப் பெட்டியையும் சினை ஊசி மருந்தை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கேனையும் கட்டிக்கொண்டு அலைந்து இடுப்பு விட்டுப்போன பிறகு, பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினேன். என்னோடு எப்போதும் மருந்தக உதவியாளர் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மிரளும் மாட்டை மூக்கணாங்கயிற்றில் ஒரு பிடி பிடித்தால் அது அசையாது. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காரில் எனக்கு இடது பக்கத்து முன் சீட்டு அவருடையது.

தம்பி கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். முதலில் ஏலக்காய் ஸ்டோர்களின் உலர்த்தும் இயந்திரங்களுக்கும் டிராக்டர்களுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு ஜீப்புகள் வந்தன. மேட்டுக்கு, அதாவது மலைத் தோட்டங்களுக்கு, ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கு அகல டயர் மாட்டுவது இங்கே எல்லோருக்கும் ஓர் ஆசையாகப் பரவிக்கொண்டிருந்தது. அகல டயருக்கு அகல ரிம் வேண்டும். அதைப் புதிதாக வாங்காமல், ஏதாவது பழைய இரும்பு ரிம்மைச் சுற்றிலும் அறுத்து, நடுவில் ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்து அகலமாக்கி விடலாம். தம்பி அதைச் செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஜீப்புக்கு வீல் மாற்றிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்வான். நானும் வாங்கி விற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வீஸ் பார்த்துத் தருகிறேன் என்று காரை எடுத்துப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் வேறு மாதிரி நின்றது. கறுப்பு பெயின்ட் அடித்த நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் பழையதைவிட அகலம், டயர் பாடிக்கு வெளியே இரண்டு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கேட்டேன். இப்படி மாற்றலாமா, இதில் ஆபத்து ஒன்றும் இல்லையா, ஆர்.டி.ஓ.வில் பிடிக்க மாட்டார்களா என்று மூன்றையும் கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது.

"கம்பெனி வீலுதான்க்கா. இதே கார்ல மேல் மாடலுக்கு வர்றது. ரோட்ட அப்பிப் பிடிக்கும். நீ காடு மேடுன்னு போற, உனக்காகத்தான் எடுத்து வச்சேன்" என்றான்.

நான் சந்தோஷப்பட்டேன். இருபது வருடங்களாக அவனுக்குச் செய்கிறவளாகவே இருந்துவிட்டு, முதல் முறையாக அவன் எனக்கு ஒன்றைச் செய்ததாக நினைத்தேன்.

இரண்டாவது வாரமே ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. அறுபதைத் தாண்டினால் கை நடுங்கும். தம்பி சக்கரத்தில் ஈயத்துண்டு ஒட்டிச் சரி செய்தான், கொஞ்ச நாள் நின்றது, பிறகு மறுபடி வந்தது. மழைக் காலத்தில் டயர் வாரியடித்த சேறு கண்ணாடி வரைக்கும் அப்பிக் கிடக்கும். ஒருநாள் தேனிக்குப் போகிற வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, இது கம்பெனி அளவு இல்லையே, இப்படி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாதும்மா, கழற்றிப் போட்டுவிடுங்கள் என்றார். டாக்டர் என்றதும் அபராதம் போடாமல் விட்டுவிட்டார். உதவியாளர் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அங்கேயே தம்பிக்குப் போன் போட்டேன். அவர்களுக்கு என்ன தெரியும், வசூலுக்கு நிற்கிறார்கள் என்று சொன்னான். அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். என் காரில் ஏறுவதென்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பள்ளி விடுமுறையில் சுருளி அருவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். தம்பி மனைவி பிள்ளைகளுக்குச் சளி என்றாள். அடுத்த வாரம் கேட்டபோது வேறு காரணம் சொன்னாள். குச்சனூர் கோவிலுக்கு எல்லோரும் போனபோதுகூட, நாங்க பஸ்லயே வந்துர்றோம் மதினி என்று பிள்ளைகளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து நான் கேட்காமல் இருந்தேன்.

விபத்து நடந்தது பொட்டிப்புரத்திலிருந்து திரும்பும்போது. காலை பதினோரு மணி இருக்கும். ஒரு கிடேரிக்கு ஊசி போட்டுவிட்டு, அந்த வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. ரோட்டில் வேறு வண்டியே இல்லை. ஒரு வளைவில் திரும்பும்போது முன்னால் இடது பக்கம் இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் கார் அந்தப் பக்கமாகச் சரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டயர் தனியாக உருண்டு சோளக்காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். அது என் காரின் டயர் என்று புரிவதற்குள் ஸ்டீயரிங் என் கையில் இல்லை. கார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு தென்னந்தோப்பு வேலியின் கல்லுக்காலில் இடது பக்கமாக மோதி நின்றது.

பின்னால் நைட்ரஜன் கேன் கவிழ்ந்து காருக்குள் வெள்ளையாகப் புகை எழும்பியது. தோப்பில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்து கதவைப் பிய்த்துத் திறந்தார்கள். என் நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அக்காவின் இடது தோள் தொங்கிவிட்டது. காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. அவர் அழவில்லை. "கேன மூடுங்க டாக்டரம்மா, ஊசியெல்லாம் வீணாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உடைந்த சக்கரத்தை எனக்குக் காட்டியவர் உத்தமபாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் பாய். காரைத் தூக்கி வர அவருடைய வண்டிதான் வந்தது. சோளக்காட்டிலிருந்து டயரையும் அதோடு ஒட்டிக்கொண்டு போன ரிம்மின் பாதியையும் எடுத்து வந்து ரோட்டோரத்தில் வைத்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உடைந்த ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு வட்டமாக ஓடியது. உடைந்திருந்தது சரியாக அந்தத் தழும்பில்தான். பாதி உடைப்பு பளபளவென்று புதிதாக இருந்தது, மீதிப் பாதி துருவேறிக் கறுத்திருந்தது.

"இது இன்னைக்கு உடஞ்சது இல்ல டாக்டரம்மா. முன்னமே விரிசல் விட்டு, அதுக்கு மேலயே மறுபடி வெல்டிங் வச்சு பெயின்ட் அடிச்சிருக்காக" என்றார்.

பிறகு டயருக்குள் கையை விட்டு ஒரு டியூபை வெளியே இழுத்தார். என் காருக்கு டியூப் இல்லாத டயர். அதற்குள் எதற்கு டியூப் என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். வெல்டிங் வழியாகக் காற்று கசியும். கசிந்தால் வண்டி ஓட்டுகிறவருக்குச் சந்தேகம் வரும். டியூபைப் போட்டுவிட்டால் கசிவு தெரியாது. இதைச் செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் யார் இந்த வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் டியூபைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

பயிற்சி நாட்களிலிருந்தே நான் தழும்பைப் பார்த்து நோயைச் சொல்கிறவள். எந்தக் காயம் எத்தனை நாள் பழசு என்று தொட்டுப் பார்த்துச் சொல்வேன். என் காரில் நான்கு தழும்புகள் ஏழு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒருநாள்கூட நான் குனிந்து பார்க்கவில்லை.

வழக்கு என்மேல் பதிவானது. கவனக்குறைவாக ஓட்டி உடன் வந்தவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக. மறுநாள் ஸ்டேஷனுக்குத் தம்பி என்னோடு வந்தான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான், பயப்படாதக்கா, நான் இருக்கேன்ல என்று. காரைப் பார்வையிட மோட்டார் வாகன ஆய்வாளர் வந்திருந்தார். அவர் காரில் மீதி இருந்த மூன்று சக்கரங்களையும் நாடாவால் அளந்தார். கம்பெனி கொடுத்த அளவை விட்டு இப்படி ரிம்மை அறுத்து ஒட்டுவது சட்டப்படி கூடாது, எந்த அதிகாரியும் இதற்கு அனுமதி தரமாட்டார் என்று எனக்கு விளக்கினார். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங்குக்கும் பாரம் கூடுகிறது, இன்சூரன்ஸும் கிடைக்காது என்றார். பிறகு சாதாரணமாக, இதை எங்கே செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்.

"அக்கா இந்தக் கார வாங்குறப்பவே இந்த வீலுதான் சார் இருந்துச்சு. பழைய வண்டி. விக்கிறப்ப ஏமாத்தி வித்துட்டாக."

அவன் குரல் நடுங்கவே இல்லை. நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் ஆய்வாளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கை அப்போதும் அவன் கையில்தான் இருந்தது. நான் யோசித்து எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன். முதலில் கத்தினான், பிறகு அழுதான். தன் பெயர் போனால் பட்டறையை மூடிவிடுவார்கள், பட்டறை போனால் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டும் என்றான். கடைசியில் அவன் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"உனக்குக் கவர்மெண்டு வேலை இருக்கு. என்னைய மாதிரி இல்ல. நீ தாங்குவக்கா."

சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது. பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து தம்பி மனைவி வந்தாள். நான் மட்டும் இருக்கிற நேரம் பார்த்து வந்திருந்தாள், என் கணவர் வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். வந்தவள் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள். அந்த வீல்கள் முதலில், அவர்கள் பிறகு விற்றுவிட்ட காரில் கிடந்தவையாம். தம்பி தன் பட்டறையில் முதன்முதலில் செய்த செட். ஒருநாள் இவள் கார் கழுவும்போது ஒரு சக்கரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு பார்த்திருக்கிறாள். துடைத்தும் போகவில்லை. கழற்றினால்தான் பிள்ளைகளை ஏற்றுவேன் என்று சண்டை போட்டிருக்கிறாள். அவன் கழற்றினான். செய்ததைத் தூக்கி எறிய மனசில்லாமல் விரிசலுக்கு மேலேயே வெல்டிங் வைத்து, நான்குக்கும் பெயின்ட் அடித்து, எனக்குக் கொண்டுவந்து மாட்டினான்.

"இனி உடையாதுன்னு அவர் நெசமாவே நம்புனாரு மதினி" என்றாள்.

"நீ நம்புனயா?" என்று கேட்டேன்.

"நான் பிள்ளைகள உங்க கார்ல ஏத்தவே இல்லையே. நீங்க அத வச்சு ஒண்ணும் நெனைக்கலையா?" என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்குத் தெரியப்படுத்த அவளால் முடிந்த வழி அதுதான் என்று அவள் நம்பியிருந்தாள். சுருளி, குச்சனூர், சளி, பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. அவளை வெளியே போகச் சொன்னேன். அதுவரை நான் யாரையும் என் வீட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். சக்கரத்தை மாட்டியவன் என் தம்பி, எந்தத் தேதியில் மாட்டினான், நான் என்ன கேட்டேன், அவன் என்ன சொன்னான், போலீஸ்காரர் ஒருமுறை எச்சரித்தும் நான் கழற்றாமல் விட்டேன் என்பது வரைக்கும். நான்கு பக்கம் வந்தது. டயர் கடை பாய் உடைந்த ரிம்மையும் நான் கொடுத்த டியூபையும் சாக்கில் கட்டி ஸ்டேஷனில் ஒப்படைத்தார், பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். அடுத்த வாரம் பட்டறையில் சோதனை நடந்தது. அறுத்துப் போட்ட ரிம்களை எடுத்துப் போனார்கள். தம்பிமேலும் வழக்கு. என்மேலான வழக்கும் அப்படியே இருக்கிறது, ஓட்டியவள் நான்தானே. இரண்டுக்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா தம்பியோடுதான் இருக்கிறாள். போனில் கூப்பிட்டு, நான் சொல்ல வந்த எதையும் கேட்காமல், "கூடப் பிறந்தவனக் காட்டிக் குடுத்துட்டயே ஆத்தா" என்றாள். அவளுக்கு விரிசல் விஷயம் தெரியுமா என்று கேட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள். தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் அந்தச் சண்டை நடந்திருக்கிறது.

இவர்கள் மேலெல்லாம் எனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. உதவியாளர் அக்காவைப் பார்க்கப் போனபோதுதான் அந்த உரிமையோடு நிற்க முடியவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மாட்டைப் பிடிக்கிற வேலைக்கு இனி அவரை அனுப்ப முடியாது, சீட்டு எழுதுகிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி என்னை ஏமாற்றினான் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் அழுகை முடியட்டும் என்று காத்திருந்தார்.

"அன்னைக்கு அந்தப் போலீஸ்காரர் கழட்டச் சொன்னாருல்ல டாக்டரம்மா" என்றார். "நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு அந்தப் பக்கமே உக்காந்து வந்தேன்."

பிறகு எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தார், வலது கையால் மட்டும்.

அதன் பிறகுதான் மற்ற வண்டிகளைப் பற்றி யோசித்தேன். தம்பி தன் பட்டறை வேலைகளைப் போட்டோ எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டு வைப்பான். அதையெல்லாம் மேலேயிருந்து கீழே வரை பார்த்தேன். சக்கரம் அகலப்படுத்திய வண்டிகள் என் காரைத் தவிர ஐந்து இருந்தன. மூன்றில் நம்பர் தெரிந்தது, இரண்டில் தெரியவில்லை. ஒன்று கடமலைக்குண்டில் ஒரு தேங்காய் வியாபாரியின் கார். பாய் மூலமாக அவரிடம் பேசினேன். யாரோ தொழில் போட்டியில் கிளப்பிவிடுகிறார்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். இன்னொன்றின் சொந்தக்காரர் அதை ஏற்கெனவே விற்றுவிட்டதாகச் சொல்லி, வாங்கியவர் விவரத்தைக் கொடுத்தார். அவரிடம் சொல்லிவிட்டேன். என்ன செய்தார் என்று தெரியாது.

மூன்றாவது ஒரு ஜீப். காலையில் கம்பத்திலிருந்து ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போகிற ஜீப். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டுக்குப் போனேன். தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரைக் கூப்பிட்டு, என் போனில் இருந்த உடைந்த ரிம்மின் படத்தைக் காட்டினேன். யார் செய்த வேலை, அவன் எனக்கு என்ன முறை என்பதையும் சொன்னேன். அவர் நடுத்தர வயது ஆள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே குத்தவைத்து, நான்கு சக்கரங்களிலும் பெயின்ட்டைச் சுரண்டினார். நான்கிலும் அந்தத் தழும்பு.

"எல்லாரும் இறங்குங்கத்தா. இன்னைக்கு இந்த வண்டி போகாது" என்றார்.

ஒரு நாள் கூலி போகிறதே என்று சில பெண்கள் என்னை முறைத்தார்கள். ஒருத்தி, இந்தம்மாவுக்கு என்ன வந்தது என்று என் காதுபடவே கேட்டாள். டிரைவர் அவர்களை வேறு ஜீப்புகளில் இரண்டிரண்டு பேராக ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஜாக்கியைப் போட்டு அங்கேயே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். பழைய ரிம் வீட்டில் கிடக்கிறது, நல்லவேளை விற்கவில்லை என்றார்.

அன்று மதியம் தம்பி போன் செய்தான். ஸ்டேஷன் வாசலில் பேசியதற்குப் பிறகு அவன் என்னை அழைத்தது அதுதான் முதல் முறை.

"ஸ்டாண்டு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போயிருக்க. போதுமாக்கா?" என்றான்.

இன்னும் இரண்டு வண்டிகள் யாருடையவை, அதை மட்டும் சொல்லிவிடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றேன். பின்னால் பட்டறையில் எதையோ தேய்க்கிற இரைச்சல் கேட்டது. சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் போனை வைத்துவிட்டான். திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

பொங்கலுக்கு அவன் வரவில்லை. அந்த இரண்டு வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.